பேர் நிலைத்த மன்னர்

ஊவா மலைநாட்டைப் பிரித்தானிய முடி கைப்பற்றிய கதையை நாம் பாடசாலையில் படித்திருக்கிறோம். அந்த முடியைச் சூடியிருந்தவரின் நிலை என்ன என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆளுநர் பிரவுண்றிக், மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் பெயராலும், பதில் ஆட்சியாளரான இளவரசரின் பெயராலும் அதனைச் செய்தார். பதில் ஆட்சியாளர் எதற்கு? மன்னர் 1810 இன் பிற்பகுதியில் மனநோய்க்கு ஆளாகி, பார்வையும் மங்கி, வின்சர் மாளிகையில் அடைபட்டிருந்தார். 1811 முதல் மகனே ஆட்சியை நடத்தினார். ஆயினும் 1815 இல் இலங்கைக்கென அடித்த செப்புக்காசின் ஒருபுறம் யானை. மறுபுறம் அவர் முகம்.

அதே ஒப்பந்தம் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைக் கொடுங்கோலன் என்று கூறி அரியணையிலிருந்து இறக்கியது. ஒருவர் ஆளத் தகாதவர் என்பதை உரக்கச் சாற்றிய ஆவணம், மற்றவர் ஆள இயலாதவர் என்பதை ஒரு பதவிப் பெயருக்குள் ஒளித்துக்கொண்டது.

1817 இல் ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பதுளையில் இருந்த பிரித்தானிய அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். பதிலுக்கு ஊர்களும் பயிர்களும் எரிந்தன. எல்லாம் அந்த மன்னரின் பெயரால்தான். கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்ட ஊவா திசாவை கெப்பெட்டிபொல, 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். இராணுவ வைத்தியர் ஹென்றி மார்ஷல் கொண்டுசென்ற அவரது மண்டையோடு, எடின்பரோ நகரின் கபாலவியற் சங்கத்தைச் சென்றடைந்தது. மண்டையின் மேடு பள்ளத்தில் குணத்தைப் படிக்கலாம் என்று நம்பியவர்களின் சங்கம் அது. சுதந்திரத்தின் பின்னரே அந்த மண்டையோடு தாயகம் திரும்பியது. மன்னரோ 1820 இல் இறந்து, அரச மரியாதையோடு அடக்கமானார்.

சலுகை அத்தோடு நின்றுவிடவில்லை. மன்னருக்கு வந்தது மனநோயே அல்ல, போர்ஃபிரியா என்னும் உடல்நோய்தான் என்று 1966 இல் இரு மருத்துவ ஆய்வாளர்கள் எழுதினர். அரச குலத்தின் மீதிருந்த கறை நீங்கியதுபோல் பலர் அதை வரவேற்றனர். பிற்கால ஆய்வாளர்கள் அம்முடிவை ஐயுற்றனர். மனநோய் ஒரு கறை என்ற எண்ணத்தைத்தான் நான் ஐயுறுகிறேன்.

பின்னர் ஊவாவில் கோப்பியும் தேயிலையும் வந்தன. எம் முன்னோரும் வந்தனர். லயத்தில் ஒருவருக்கு மனம் கலங்கினால் முனி அடித்ததென்று உடுக்கடித்தார்கள், வேப்பிலையால் அடித்தார்கள். 1873 ஆம் ஆண்டின் சட்டம் நோயாளியை நீதிமன்றத்தின் முன் நிறுத்திக் கொழும்புக்கு அனுப்ப வழிசெய்தது. 1926 இல் அங்கொடை ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. காலப்போக்கில் அவ்வூரின் பெயரே வசைச்சொல்லாயிற்று.

தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வோம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மலைக்குப் போகாவிட்டால் பேரே விழாது. வேலை செய்ய இயலாத மன்னருக்குப் பத்தாண்டு முழுப்பேர் விழுந்தது. அவ்வாறு சித்தம் கலங்கிய தொழிலாளிக்கு அன்றைய பேரும் போயிற்று; ஊரில் இருந்த நல்ல பேரும் போயிற்று.

ஆனாலும் மன்னரைப் பார்த்து நான் பொறாமைப்படமாட்டேன். 1788 இல் முதன்முறை கடுமையாக நோயுற்றபோது, வில்லிஸ் என்ற வைத்தியர் அவரைக் கைகால் அசையாது கட்டிவைத்தே வைத்தியம் பார்த்தார். புகழ் காத்தது அவருடைய பேரை; கட்டுண்டு கிடந்த மனிதனை அது காக்கவில்லை. நோயுற்றவர் எவராயினும் பேரும் விழவேண்டும், வைத்தியமும் கிடைக்கவேண்டும். மாளிகைக்கும் லயத்துக்கும் நியாயம் அதுவே.