குப்பாயமும் தோள்சீலையும்

பெண்களின் உடையைக் குறித்துத் திருச்சபை பேசும்பொழுதெல்லாம் அடக்கம் என்னும் சொல்லே முன்னிற்கிறது. 1 தீமோத்தேயு 2:9, 1 பேதுரு 3:3 ஆகிய வசனங்களைப் பிரசங்க பீடத்திலிருந்து நாம் பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம். தென் திருவிதாங்கூர்ச் சபைகளின் வரலாறோ இப்பொருளில் நமக்கு வேறொரு பாடத்தையும் கற்பிக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்த காலத்தில், உடை ஒருவருடைய குலத்தை அறிவிக்கும் அடையாளமாயிருந்தது. நாடார் முதலிய குலத்துப் பெண்கள் மார்பை மறைக்கலாகாது. நாயர் பெண்களும் தம்மினும் மேலானோர் முன்னிலையில் மேற்சீலையை நீக்குவதே மரியாதையெனக் கருதப்பட்டது. ஆகவே திறந்த மார்பு அந்நாளில் நாணமின்மையின் குறியன்று, பணிவின் குறியாகும்.

லண்டன் மிஷனரி சங்கத்தாரின் ஊழியத்தால் நாடார் மக்கள் பலர் கிறிஸ்தவர்களாயினர். ரெசிடெண்டாயிருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், 1814ஆம் ஆண்டில், சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் கிறிஸ்தவ நாடார் பெண்களும் குப்பாயம் அணியலாமென்று ஆணை பிறந்தது. மிஷனரிமாரின் மனைவியர் இதற்கென்று தளர்வான சட்டையொன்றைத் தைக்கக் கற்பித்தனர். அடக்கமே நோக்கமாயிருந்திருப்பின் காரியம் அத்துடன் முடிந்திருக்கும்.

ஆனால் அப்பெண்கள் அத்துடன் நிற்கவில்லை. உயர்குலப் பெண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட தோள்சீலையைக் குப்பாயத்தின்மேல் அணிந்துகொண்டு ஆலயத்திற்கும் சந்தைக்கும் சென்றனர். 1822இல் கல்குளம் பகுதியில் அவர்கள் தாக்கப்பட்டனர். 1827 முதல் 1830 வரை நிகழ்ந்த கலகத்தில் ஜெபாலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரி 3ஆம் நாள் வெளிவந்த அரச விளம்பரம் குப்பாயத்தை அனுமதித்துத் தோள்சீலையைத் தடைசெய்தது. 1858இல் கலகம் மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் வற்புறுத்தியதன்பேரில், 1859 ஜூலை 26ஆம் நாள் புதிய விளம்பரம் வெளியாயிற்று. எம்மதத்தைச் சேர்ந்த நாடார் பெண்களும் மார்பை மறைக்கலாமென்று அது உரைத்தது. எனினும் உயர்குலப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாதென்னும் நிபந்தனை அப்பொழுதும் நீங்கவில்லை.

இந்நிபந்தனையே வழக்கின் உட்பொருளை வெளிப்படுத்துகிறது. உடலை மறைப்பதற்கு அரசு 1814லேயே இணங்கிவிட்டது. எவரோடும் சமமாய்த் தோன்றுவதற்கு மட்டும் 1859லும் இணங்கவில்லை. அப்பெண்களுக்கு மிஷன் அளித்தது அடக்கத்தின் ஆடை. அவர்கள் தாமே தெரிந்துகொண்டது மதிப்பின் ஆடை. ஞானஸ்நானத்தில் தாங்கள் யாராயினரோ அதனைத் தெருவில் அறிவிக்கும் உரிமைக்காகவே அவர்கள் அடிபட்டனர்.

நமது சபைச் சரித்திரங்களில் மிஷனரிமாரின் மனுக்களும் ரெசிடெண்டின் கடிதங்களும் விரிவான இடம் பெற்றுள்ளன. தோளில் சீலையைப் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்ட பெண்களின் பெயர்களோ மிக அரிதாகவே காணப்படுகின்றன. இன்று நம் சபைகளிலுள்ள இளம்பெண்களின் உடையைக் கண்டிக்க நாம் எழும்பொழுது ஒரு கேள்வியை முதலில் நம்மையே கேட்டுக்கொள்வது நலம்: நாம் காக்க விரும்புவது சுவிசேஷத்தின் ஒழுங்கையா, அல்லது ஒருவர் தமக்குக் குறிக்கப்பட்ட இடத்திலேயே நிற்கவேண்டும் என்னும் பழைய ஒழுங்கையா? தோள்சீலையைப் பறித்துக் கிழித்தவர்களும் ஒழுங்கின் பெயராலேயே அதனைச் செய்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.