சொல்லும் பொருளும்: கல்கத்தாப் பல்கலைக்கழக மானிடவியல் கல்வியும் நிர்மல் குமார் போசும்

முன்னுரை

கலைச்சொல் ஒன்றினை மொழிபெயர்ப்போர் முதலில் நாடுவது அகராதியை. ஆயின், அச்சொல் சுட்டும் பொருளைக் கண்ணால் காணாதவர்க்கு அகராதி அரைத்துணையே. சொல், பொருள், பயன்படுத்துவோர் ஆகிய மூன்றையும் ஒருங்கே கற்பிக்கும் முயற்சி இந்திய உயர்கல்வியில் முன்னரே நிகழ்ந்துள்ளது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் முதுநிலைக் கல்வியையும், அதில் பயின்ற நிர்மல் குமார் போசின் (1901-1972) பணியையும் இக்கட்டுரை அந்நோக்கில் ஆராய்கிறது.

துறையின் தோற்றம்

கல்கத்தாவில் முதுநிலைக் கல்வியை விரிவாக்கியவர் ஆசுதோஷ் முகர்ஜி. அங்குத் தொடக்கத்தில் பண்டைய இந்திய வரலாறும் பண்பாடும் என்னும் துறையின் ஒரு கூறாக இருந்த மானிடவியல், 1920-இல் தனித்துறை ஆயிற்று. புதிய துறை ஆதலின், அதற்குரிய ஆசிரியர்கள் பிற துறைகளிலிருந்தே வரவேண்டியிருந்தது. துறைக்குத் தலைமை ஏற்ற எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் (1861-1937) பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். கொச்சி நாட்டுக் குலங்களையும் பழங்குடிகளையும் நேரில் ஆராய்ந்து 1909, 1912 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகள் வெளியிட்டார். மானிடவியலை அவர் வகுப்பறையில் கற்றவரல்லர், களத்தில் கற்றவர். மாணவரும் அவ்வாறே பல துறைகளிலிருந்து வந்தனர்.

நிலவியலிலிருந்து மானிடவியலுக்கு

போஸ் 1921-இல் நிலவியலில் இளநிலைப் பட்டம் பெற்றார். அத்துறையில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியவர், ஒத்துழையாமை இயக்கத்தையொட்டி அதனை இடையில் விட்டார். பின்னர் ஆசுதோஷ் முகர்ஜியின் தூண்டுதலால் மானிடவியலில் சேர்ந்து 1925-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். பாறை அடுக்குகளைப் பகுத்து வரையப் பழகிய கண்ணும், மக்கள் வழக்கைக் கேட்டறியும் செவியும் அவரிடம் இணைந்தன எனலாம்.

இவ்விணைப்பின் பயனை 1932-இல் வெளிவந்த ‘கேனன்ஸ் ஆஃப் ஒரிஸன் ஆர்க்கிடெக்சர்’ என்னும் நூலில் காணலாம். ஒடிசாவின் கோயிற் கட்டடக் கலை பற்றிய ஓலைச்சுவடிகள் கலைச்சொற்கள் நிறைந்தவை. ஏடு பெயர்த்தெழுதியோரின் பிழைகளும் மலிந்தவை. சுவடியை மட்டும் கொண்டு பொருள்காண்பது அரிது. போஸ் சுவடிகளை ஒப்புநோக்கினார். மரபுவழிச் சிற்பியரிடம் சொற்பொருள் கேட்டார். கேட்டதைக் கோயிற் கட்டடங்களோடு பொருத்திப் பார்த்து வரைபடமாக்கினார். நூல் ஏட்டிலும், சொல் சிற்பியர் நாவிலும், பொருள் கல்லிலும் இருந்தன. மூன்றில் எது விடுபட்டாலும் மற்ற இரண்டும் முழுமையாக விளங்கா.

ஒரே சொல், வேறு உறுப்பு

ஒடிசாவின் ரேகா வகைக் கோயில் மனித உடலாகவே உருவகிக்கப்படுகிறது. அடியில் பாபாகம் பாதமாகும். அதன்மேல் ஜங்கா கணைக்காலாகும். வளைந்துயரும் கண்டி உடலாகவும், பேகி கழுத்தாகவும், கபுரி மண்டையோடாகவும் அமைகின்றன. தென்னாட்டுச் சிற்ப மரபிலும் பாதம், கிரீவம் முதலிய உடற்பெயர்கள் உண்டு. எனவே இரு மரபுகளின் சொற்களையும் நேருக்குநேர் ஒப்பிட்டுவிடலாம் என்று தோன்றும்.

இங்கேதான் இடர் உள்ளது. தென்மரபில் பாதம் என்பது அதிட்டானத்தின்மேல் எழும் சுவர்ப்பகுதி. ஒடிசாவின் பாபாகமோ சுவரின் அடியில் அமையும் வரிசை. சிகரம் என்னும் சொல் இதனினும் இடர் தருவது. வடநாட்டுக் கலைநூல்களில் அது கருவறைமேல் உயரும் முழுக் கோபுரத்தையும் குறிக்கும். தமிழகச் சிற்ப மரபில் கிரீவத்தின்மேல் அமையும் தலையுறுப்பை மட்டுமே குறிக்கும். வடநாட்டு நூலின் சிகரத்தைத் தமிழில் சிகரம் என்றே எழுதினால், எழுத்து மாறாமலே பொருள் மாறிவிடும்.

பொருள்களின் எல்லையும் மொழியின் எல்லையும்

போஸ் 1959 முதல் 1964 வரை இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார். அக்காலத்தில் நாடு தழுவிய ஆய்வொன்று ஏர், எண்ணெய்ச் செக்கு, மாட்டுவண்டி, உடை, காலணி, வீட்டமைப்பு முதலியவற்றின் பரவலைத் தொகுத்தது. அதன் முடிவுகள் 1961-இல் அவர் பதிப்பில் ‘பெசன்ட் லைஃப் இன் இந்தியா’ எனும் நூலாயின. பொருள்களின் பரவல் எல்லைகள் மொழி எல்லைகளோடு ஒத்துச் செல்லவில்லை என்பது அதனால் புலப்பட்டது. ஒரே வகைப் பொருள் பல மொழிப் பகுதிகளில் காணப்படலாம். ஒரு மொழிப் பகுதிக்குள்ளேயே பல வகைகள் வழங்கலாம். இம்முடிவு கிளைமொழி வரைபடம் வரைவோர்க்கும் வட்டாரச் சொல் தொகுப்போர்க்கும் நேரடியாக உரியது. ஏர் என்னும் சொல்லைப் பதிவு செய்தால் போதாது. எவ்வகை ஏர் என்பதையும் பதிவு செய்தல் வேண்டும்.

முடிவுரை

கல்கத்தாவின் மானிடவியல் கல்வி பல துறைகளின் கூட்டாகவே பிறந்தது. அக்கூட்டினால் ஒரு கட்டடக் கலையின் சொற்கள் பொருளோடு எழுத்தில் நிலைபெற்றன. கைத்தொழில்களின் சொற்கள் பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்குபவை. கேட்டு எழுதுவோர் வருமுன் தொழிலறிந்த தலைமுறை மறையுமானால், எஞ்சும் ஏடுகளுக்குப் பொருள் கூற ஆள் இராது. எனவே, கலைச்சொல் தொகுக்க முற்படும் மொழியியல் மாணவர்க்குக் களப்பயிற்சியும், களம் செல்லும் மானிடவியல் மாணவர்க்கு மொழிப்பயிற்சியும் பாடத்திட்டத்தின் அடிப்படைக் கூறுகளாக அமைதல் வேண்டும். போசின் நூல் உணர்த்தும் பாடம் இதுவே.