மதீனத்து வீடுகளும் மனையின் விலையும்

நகரின் நடுவே, பள்ளிவாசலை ஒட்டியோ கடைவீதிக்கு அருகிலோ, பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது. சுவரில் காரை பெயர்ந்திருக்கும்; கூரை தாழ்ந்திருக்கும். ஆயினும் பின்புறம் பரந்த மனை கிடக்கும். வாங்குபவர் மனையைப் பார்க்கிறார். விற்பவரோ தாம் பிறந்து வளர்ந்த வீட்டைப் பார்க்கிறார். இவ்விருவருக்கும் இடையே நியாயமான கிரயம் எது? வாங்குவது ஒரு ஜமாஅத்தாக இருந்தால் அந்த நியாயம் மாறுமா? இக்கேள்விகள் இஸ்லாமிய வரலாற்றின் முதல் நூற்றாண்டிலேயே எழுந்தவை.

கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, பள்ளிவாசலுக்கெனத் தேர்ந்த இடம் பேரீச்சம்பழம் உலர்த்தும் களமாக இருந்தது. அது ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களின் சொத்து. அவர்கள் இலவசமாகவே தர முன்வந்தனர். நபியவர்கள் அதை ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள். பத்துத் தீனார் கொடுக்கப்பட்டது என்றும், அது அபூபக்கர் (ரலி) அவர்களின் பொருளிலிருந்து தரப்பட்டது என்றும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். மஸ்ஜிதுந் நபவியின் முதல் அடித்தளம் நேர்மையான ஒரு கிரயமே என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

வீடு விற்பதில் அண்டை வீட்டாரின் உரிமையை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது. ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்தில் அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கு இரு அறைகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு அவர் ஸஅத் அவர்களைக் கேட்டார். முதலில் மறுத்த ஸஅத் அவர்கள், மிஸ்வர் (ரலி) அவர்கள் வற்புறுத்தியபின், நாலாயிரம் திர்ஹத்துக்கு மேல் தர இயலாது, அதுவும் தவணையாகத்தான் என்றார்கள். அபூராஃபிஉ அவர்களுக்கோ வெளியாரிடமிருந்து ஐந்நூறு தீனார் கிடைப்பதாக இருந்தது. ஒரு தீனாருக்குப் பத்துத் திர்ஹம் என்று கணக்கிட்டாலும் ஆயிரம் திர்ஹம் நட்டம்! எனினும் அண்டை வீட்டாருக்கே முன்னுரிமை என நபியவர்கள் கூறத் தாம் கேட்டிருப்பதைச் சொல்லி, ஸஅத் அவர்களுக்கே விற்றார்கள். ‘ஷுஃப்ஆ’ என்னும் முன்கொள்முதல் உரிமையைப் பற்றிய சட்டப் பேச்சுகளில் இந்நிகழ்ச்சி இன்றும் இடம்பெறுகிறது.

ஹிஜ்ரி 17இல் (கி.பி. 638) கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க முனைந்தார்கள். பள்ளியை ஒட்டி நபியவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு இருந்தது. விலைக்குத் தரவோ மாற்றிடம் பெறவோ அவர் இசையவில்லை. வழக்கு உபை பின் கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. உரிமையாளரின் இசைவின்றி வீட்டை எடுக்க இயலாது என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். பேரரசின் தலைவர் அதற்குப் பணிந்தார்! அதன்பின் அப்பாஸ் அவர்கள் தாமாகவே அவ்வீட்டை முஸ்லிம்களுக்கு இலவசமாக வழங்கினார்கள். உமர் அவர்கள் பைத்துல்மாலிலிருந்து அவருக்கு வேறொரு வீடு கட்டித் தந்ததாக இப்னு ஸஅத் எழுதுகிறார்.

அதே ஆண்டில் மக்காவில் நிலைமை வேறாக இருந்தது. கஅபாவை நெருக்கிக் கட்டப்பட்ட வீடுகளை உமர் அவர்கள் விலைக்கு வாங்கி அகற்றினார்கள். விற்க மறுத்தோரின் வீடுகளும் இடிக்கப்பட்டன. கஅபாவே முந்தியது, மக்கள் அதன் முற்றத்தில் பின்னர் வந்து குடியேறியவர்கள் என்பது அவர்கள் கூறிய காரணம். பள்ளி நெருக்கடியாகும்போது பக்கத்து மனையை உரிய விலைக்குக் கட்டாயமாக எடுக்கலாம் என்று கூறும் சட்ட அறிஞர்கள் இதையே சான்று காட்டுவர். ஆனால் அங்கும் மறுத்தோருக்குரிய தொகை கஅபாவின் கருவூலத்தில் வைக்கப்பட்டு, பின்னர் அவர்கள் அதைப் பெற்றுக்கொண்டனர். இசைவு இல்லாத இடத்திலும் விலை இல்லாமற் போகவில்லை.

ஹிஜ்ரி 88இல் (கி.பி. 707) கலீஃபா வலீதின் ஆணைப்படி, அப்போது மதீனாவின் ஆளுநராயிருந்த உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் பள்ளியை மீண்டும் விரிவாக்கினார்கள். சுற்றியிருந்த வீடுகளுடன் நபியவர்களின் மனைவியர் வாழ்ந்த அறைகளும் இடிக்கப்பட்டன. அவை பச்சைச் செங்கல்லாலும் பேரீச்ச மட்டையாலும் ஆனவை. தாம் சிறுவராயிருந்தபோது அவற்றின் கூரையைக் கையால் தொட முடிந்ததாக ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஆணை வாசிக்கப்பட்ட நாளில் மதீனா மக்கள் அழுதனர். அவ்வறைகள் அப்படியே விடப்பட்டிருந்தால், நபியவர்கள் எவ்வளவு சிறிய இல்லத்தில் மனநிறைவு கண்டார்கள் என்பதைப் பின்வருவோர் கண்டு, செல்வச் செருக்கைக் கைவிட்டிருப்பார்களே என்று ஸயீத் பின் முஸய்யிப் (ரஹ்) அவர்கள் வருந்தினார்கள்.

பள்ளி விரிவாக வேண்டும் என்பதில் இவர்கள் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் எளிய வீட்டுக்கும் உரிமையாளர் உண்டு, அண்டை வீட்டார் உண்டு, நினைவும் உண்டு. நம் ஜமாஅத்துகள் பக்கத்து மனையைக் கேட்டுச் செல்லும்போது, “அல்லாஹ்வின் வீட்டுக்குத்தானே” என்ற சொல்லை விலையைக் குறைக்கும் கருவியாக்கலாகாது. இலவசமாகத் தருவது கொடுப்பவரின் சிறப்பு. உரிய விலையைத் தர முன்வருவது கேட்பவரின் கடமை.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.