சூசை, யூசுப், வளன், ஜோசப்... எல்லாமே ஒரே பெயரா? எபிரேய வேர் சொல்வது என்ன?

கல்பாக்கம் பக்கத்துல இருக்கிற அணுபுரம் மாதிரியான குடியிருப்புகளில் பல ஊர்க்காரங்க சேர்ந்து வாழ்றாங்க. அங்கே ஒரு ஜோசப், ஒரு சூசை, ஒரு யூசுப், கேரளாவிலிருந்து வந்த ஓர் ஔசேப்பு எல்லாரும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கலாம். நான்கும் ஒரே பெயர்தான். எப்படின்னு பார்க்கலாம்.

பொருள் என்ன?

எபிரேய மொழியில் இந்தப் பெயர் 'யோசேஃப்'. 'அவர் இன்னும் கூட்டித் தருவார்' என்பது பொருள். பல வருடம் குழந்தை இல்லாமல் தவித்த ராகேல், முதல் மகன் பிறந்ததும் 'கடவுள் இன்னொரு மகனையும் தரட்டும்' என்று வேண்டி இந்தப் பெயரை வைத்ததாக பைபிளின் ஆதியாகமம் சொல்கிறது. வேண்டியபடி இரண்டாவது மகனும் பிறந்தான். ஆனால் அந்தப் பிரசவத்தில் ராகேல் இறந்துபோனார்.

சூசை எப்படி வந்தது?

16-ம் நூற்றாண்டில் நம் கடலோரங்களுக்கு வந்த போர்த்துகீசியர்கள் இதை 'ஜொசே' என்றார்கள். தமிழ் வாயில் அது சூசை ஆனது. அரபு வழியாக வந்தது யூசுப். குர்ஆனின் 12-வது அத்தியாயத்துக்கே இந்தப் பெயர்தான். சிரியாக் மொழி வழியாகக் கேரளாவில் ஔசேப்பு, ஆங்கிலம் வழியாக ஜோசப். செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் தலைமை ஆலயமும் சூசையப்பர் பெயரில்தான் இருக்கிறது.

அப்போ வளன்?

இது ஒலி மாற்றம் இல்லை, மொழிபெயர்ப்பு. பள்ளியில் படித்த தேம்பாவணி ஞாபகம் இருக்கா? 3,615 பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியத்தின் நாயகன் சூசையப்பர். அவருக்கு வீரமாமுனிவர் வைத்த தமிழ்ப் பெயர் வளன். கூடுவது, பெருகுவது என்ற எபிரேயப் பொருளை 'வளம்' என்ற சொல்லில் கொண்டுவந்துவிட்டார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியைத் தூய வளனார் கல்லூரி என்று சொல்வதும் இதனால்தான்.

இதை கவனிங்க

பொருள் ஒன்றுதான் என்றாலும், ஆவணங்களில் இவை தனித்தனிப் பெயர்கள். ஞானஸ்நானச் சான்றில் சூசை, பள்ளிச் சான்றிதழில் ஜோசப் என்று இருந்தால் பாஸ்போர்ட், பென்ஷன் நேரத்தில் சிக்கல் வரலாம். முறைப்படி பெயரை மாற்ற தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும்.

மற்றபடி, 'சூசைன்னா என்னப்பா அர்த்தம்?' என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுங்க: 'இன்னும் பெருகட்டும்'!