பெயர் ஒருவருக்கு, முகம் இன்னொருவருக்கு

அரூர் கடைத்தெருவில் ஒரு பவுனைத் தராசில் வைத்தால் எட்டு கிராம். ஏறக்குறைய 2,270 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஆப்கானிஸ்தானின் வடக்கே பாக்திரியா நாட்டில் அடித்த கிரேக்கப் பொற்காசும் கிட்டத்தட்ட அதே எடைதான். ஸ்டேட்டர் என்று பெயர். நம் ஆசாரி கையில் சிக்கியிருந்தால் உரைகல்லில் ஒரு கோடு இழுத்து மாற்றுப் பார்த்து, மூசையில் போட்டிருப்பார். பழைய பொற்காசுகள் பல அப்படித்தான் போய்ச் சேர்ந்தன.

தப்பிய ஒரு காசைப் பார்ப்போம். பின்பக்க எழுத்து 'பசிலியோஸ் அந்தியோகூ'. அந்தியோகஸ் அரசனுடையது என்று பொருள்; 'உடைய' என்பதோடு பேச்சு நின்றுவிடும், காசு என்று தனியே சொல்வதில்லை. சிரியாவிலிருந்து கி.மு. 261 முதல் 246 வரை ஆண்ட செலூக்கிய மன்னன் இரண்டாம் அந்தியோகஸ்தான் அவன்.

இந்தப் பெயர் அரூர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று அடுக்கி, அதே மூச்சில் யவன அரசன் அந்தியோகனையும் சொல்கிறது. சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டினார்கள். 1981இல் வெளிப்பட்ட ஜம்பைக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் 'சதியபுதோ' என்றே அழைத்தது. அந்த அதியரின் தகடூர் நாட்டில்தான் அரூர் இருக்கிறது. ஜம்பை இருப்பதும் இந்தப் பக்கமாக ஓடும் தென்பெண்ணை ஆற்றின் கரையில்தான், கீழே.

ஆக எழுத்தைப் படித்தவர் அந்தியோகன் காசு என்று எடுத்து வைத்துவிடுவார். தவறு அங்கேதான். அந்தியோகன் தன் காசுகளில் வழக்கமாகப் பொறித்தது அமர்ந்திருக்கும் அப்பல்லோவை. இதிலோ இடியை ஓங்கியபடி நடக்கிறான் ஸீயஸ். காலடியில் ஒரு கழுகு. மறுபக்க முகமும் அந்தியோகனுடையது அல்ல. அவனுக்குக் கீழே பாக்திரியாவைப் பார்த்துக்கொண்ட டயோடோட்டஸுடையது. டயோடோட்டஸ் என்றாலே ஸீயஸ் தந்தவன் என்று அர்த்தம். எசமான் பெயரை விட்டுவைத்து, தெய்வத்தையும் முகத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டான். கலகத்தை இவ்வளவு பதமாகத் தொடங்கியவனை எனக்குப் பிடிக்கிறது. பின்னால் வந்த காசுகளில் பெயரும் டயோடோட்டஸ் ஆனது.

செலூக்கியர் காசுகள் கரூர் அமராவதி ஆற்று மணல்வரை வந்திருக்கின்றன; நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைப் படித்து நூலாக்கினார். நம் பொற்காசு அவ்வளவு தூரம் வரவில்லை. இந்துகுஷ் மலையைத் தாண்டி, தட்சசீலத்தில் நின்றுவிட்டது. அங்குள்ள பிர் மேட்டில் தொல்லியலாளர் ஜான் மார்ஷல் தோண்டியபோது, வெள்ளி முத்திரைக் காசுக் குவியலோடு அது வெளியே வந்தது. அந்த வெள்ளிக் காசுகளில் சூரியன், மரம், மலை என்று சின்னங்கள் உண்டு. அரசன் முகமோ பெயரோ கிடையாது. அவற்றை எண்ணிப் புதைத்தவர், இந்த மஞ்சள் காசில் இருப்பவன் அந்தியோகனா டயோடோட்டஸா என்று திருப்பிப் பார்த்திருக்கமாட்டார். எடைதான் பார்த்திருப்பார்.