தைக்காட்டின் இரண்டு முத்திரைகள்

திருவனந்தபுரம் ஆரியசாலையிலிருந்து தைக்காட்டுக்கு நடந்தே சென்றுவிடலாம். அங்குள்ள நோர்க்கா அலுவலகத்துக்குப் பட்டச் சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு வருவோரில் ஆசிரியர்களும் உண்டு. வளைகுடாவில் ஓர் இந்தியப் பள்ளி வேலை கொடுத்திருக்கும். ஆயினும் பி.எட். பட்டம் மெய்யானது என்று இங்கொரு முத்திரை விழுந்தாக வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்கு அதன்பின் இந்திய வெளியுறவு அமைச்சகமும் அந்நாட்டுத் தூதரகமும் ஒப்பமிட வேண்டும். பணி விசா அதற்கும் பிறகுதான்.

இதே தைக்காட்டில் சென்ற நூற்றாண்டுகளில் இன்னொரு முத்திரைக்கு உரியவர் இருந்தார். இன்றைய அரசு விருந்தினர் மாளிகை அன்று பிரித்தானிய ரெசிடெண்டின் இருப்பிடம். ஆசிரியர்கள் இங்கிருந்து வெளிநாடு செல்லும் காலம் இது. அது, வெளிநாட்டு ஆசிரியர்கள் இங்கு வந்த காலம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பணி அனுமதி என்னும் தாளின் இயல்பு விளங்கும்.

1805இல் திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் இன்று பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. கம்பெனியின் இசைவின்றிப் பிற ஐரோப்பிய நாட்டார் எவரையும் மகாராஜா பணியில் அமர்த்தலாகாது. ஆங்கில அரசின் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டுக்குள் காணப்படும் எந்த ஐரோப்பியரையும் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். சம்பளம் கொடுப்பவர் மகாராஜா; யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பதோ கம்பெனி. இன்றைய சொல்லில் கூறினால், திருவிதாங்கூரின் விசாவும் வேலை அனுமதியும் வேறொரு வல்லரசின் கையில் இருந்தன.

இந்த வரம்புக்குள்தான் இங்கே ஆங்கிலக் கல்வி வந்தது. நாகர்கோவிலில் ஆங்கிலப் பள்ளி நடத்திய ராபர்ட்ஸை 1834இல் சுவாதித் திருநாள் திருவனந்தபுரத்துக்கு அழைத்தார். அவருடைய பள்ளி 1836இல் அரசரின் இலவசப் பள்ளியாயிற்று. 1866இல் அது கல்லூரியாக வளர்ந்தபோது ஜான் ராஸ் முதல்வரானார். இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரி அதுவே. அங்கே தத்துவம் கற்பிக்க வந்தவர் ராபர்ட் ஹார்வி.

ஹார்வியிடம் பயின்றவர் ஆலப்புழையில் 1855இல் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளை. 1876இல் பி.ஏ. தேறிய இவர், அடுத்த ஆண்டே திருநெல்வேலி ஆங்கிலப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகச் சென்றார். திருநெல்வேலி பிரித்தானிய இந்தியா. திருவிதாங்கூரோ தனிச் சமஸ்தானம். இரண்டுக்கும் நடுவே ஆரல்வாய்மொழிக் கணவாயில் சரக்குக்குச் சுங்கச்சாவடி இருந்தது. சாலைக் கடைவீதிக்கு வந்த புகையிலைக்குத் தீர்வை உண்டு, ஆசிரியருக்கு இல்லை. சுந்தரம் பிள்ளை சென்றார், ஈராண்டு கற்பித்தார், திரும்பி வந்தார். 1885இல் ஹார்வியின் இடத்தில் தத்துவப் பேராசிரியராக அமர்ந்தார். 1891இல் வெளியான 'மனோன்மணீயம்' நாடகத்தை ஹார்விக்கே உரிமையாக்கினார். பேரூர்க்கடையில் தாம் வாழ்ந்த இல்லத்துக்கு ஹார்விபுரம் என்று பெயர் வைத்தார்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். 1805ஆம் ஆண்டு விதி ஹார்வியைப் பற்றிக் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்றே: இவர் யாருடைய குடி? கற்பிக்கத் தெரிந்தவரா என்பது அந்த விதிக்குப் பொருட்டன்று. அந்த இரண்டாம் கேள்விக்கு விடையளித்தவர் மாணவர். அந்த விடையே ஒரு வீட்டின் பெயராக நின்றது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் திசை மாறிற்று. பிறநாட்டு ஆசிரியரை அழைத்துப் பள்ளிகளைப் பெருக்கிய இந்நிலம், படித்தோருக்கு வேலை போதாமல் ஆசிரியரை அனுப்பும் நிலமாயிற்று. ஹெய்லி செலாசி மன்னர் காலத்து எத்தியோப்பியா, உள்நாட்டுப் பள்ளிகளுக்கு ஆயிரக்கணக்கில் இந்திய ஆசிரியர்களை ஒப்பந்த அடிப்படையில் அழைத்துக்கொண்டது. அவர்களுள் மலையாளிகள் மிகுதி. நைஜீரியா 1976இல் அனைவருக்கும் தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது, எண்ணெய்ப் பணம் இருந்தது, ஆசிரியர் போதவில்லை, இந்தியர் சென்றனர். மாலத்தீவுப் பள்ளிகளுக்குக் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் செல்வோருக்குத் திருவனந்தபுரமே அருகிலுள்ள பெரிய விமான நிலையம்.

புறப்படுவதற்கும் தாள் வேண்டியிருந்தது. கடவுச்சீட்டு வழங்குவதும் மறுப்பதும் 1967 வரை அரசின் விருப்பத்தைச் சார்ந்திருந்தன. வெளிநாடு செல்வது தனிமனித உரிமையின் கூறு என்று உச்ச நீதிமன்றம் சத்வந்த் சிங் வழக்கில் அவ்வாண்டு தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டுச் சட்டம் அதன் விளைவு. 1983இல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன்படி, குறிப்பிட்ட நாடுகளுக்குச் செல்லும் தொழிலாளியின் ஒப்பந்தத்தை அரசு பார்த்து அனுமதியளிக்க வேண்டும்; பட்டதாரிகளுக்கு விலக்கு உண்டு. ஆசிரியருக்கு இது மதிப்பாகத் தோன்றும். உண்மையில் அவருடைய ஒப்பந்தத்தை எவரும் பார்ப்பதில்லை என்பதே அதன் பொருள். செவிலியர் ஆள்சேர்ப்பில் மோசடிகள் பெருகியபோது, 2015இல் அவர்களையும் அரசு இந்தச் சோதனைக்குள் கொண்டுவந்தது. ஆள்சேர்ப்பை நோர்க்கா, ஒடெபெக் போன்ற அரசு முகமைகளிடம் ஒப்படைத்தது. ஆசிரியருக்கு அத்தகைய காப்பு ஏற்படவில்லை.

சென்று சேர்ந்த நாட்டில் நிலை என்ன? வளைகுடாவில் பணி விசா பள்ளியின் பெயரோடு பிணைந்தது. பள்ளி நீக்கினால் வேலையோடு தங்கும் உரிமையும் முடிவுக்கு வரும். சலுகை நாட்கள் சில. குடும்ப விசா ஆசிரியரைச் சார்ந்தது என்றால், பிள்ளைகளின் படிப்பும் இடையில் அறுபடும். ஆகவேதான் குறைந்த சம்பளத்தையும் கூடுதல் வகுப்புகளையும் பலர் பேசாமல் ஏற்றுக்கொள்கின்றனர். 1805ஆம் ஆண்டு விதி 'யாருடைய குடி?' என்று கேட்டது. இன்றைய விதி 'யாருடைய பணியாள்?' என்று கேட்கிறது. வகுப்பறைக்குள் நடப்பதை இரண்டுமே கேட்பதில்லை.

ஒரு நாடு தன் எல்லைக்குள் வருபவரைச் சரிபார்ப்பது இயல்பே. போலிச் சான்றிதழ்கள் உலவும் உலகில் அட்டஸ்டேஷனும் தேவையே. நான் வேண்டுவது சிறிது. அனுமதி பள்ளியின் பெயரால் இல்லாமல் ஆசிரியரின் தகுதியின் பெயரால் வழங்கப்படலாம். ஒரு பள்ளி கைவிட்டால் மற்றொன்றைத் தேட ஒரு கல்வியாண்டின் எஞ்சிய காலமாவது தரப்படலாம். செவிலியருக்குச் செய்த ஏற்பாட்டை நம் அரசுகள் ஆசிரியருக்கும் விரிவாக்கலாம்.

இறுதியாக, வாசிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹார்வியின் நினைவைக் காக்க ஒரு நாடகமும் ஒரு வீடும் கிடைத்தன. எத்தியோப்பிய மலையூர்களில் கணக்கும் அறிவியலும் கற்பித்துத் திரும்பிய நம் ஊர் ஆசிரியர்களுக்கு அத்தகைய சான்று அரிது. உங்கள் வீட்டுப் பரணில் அவர்களுடைய பழைய ஒப்பந்தத்தாளோ, முத்திரை விழுந்த கடவுச்சீட்டோ, மாணவர் எழுதிய கடிதமோ இருந்தால் பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு படியெடுத்து வையுங்கள். இந்த வரலாற்றை எழுதுவதற்கு வேறு ஆவணம் அதிகம் இல்லை.