பசு தின்ற கடுகும் படச்சுருளின் தரமும்

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பர். கறுப்பு வெள்ளைப் படச்சுருளின் வரலாற்றிலும் இப்பழமொழிக்கு இடமுண்டு.

படச்சுருளில் ஒளியை ஏற்பவை வெள்ளி ஹாலைடு படிகங்கள். அவற்றைத் தாங்கி நிற்பது ஜெலட்டின். மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கப்படும் இதனை வெறும் பசையென்றே தொடக்ககால உற்பத்தியாளர்கள் கருதினர்.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கண்ணாடி உலர்தகடுகளைத் தயாரித்து வந்தார். 1882இல் அவருடைய தகடுகள் ஒளியுணர்வை இழக்கத் தொடங்கின. செய்முறையில் மாற்றமில்லை, ஆயினும் படம் பதியவில்லை. தம் பெயரே கெட்டுவிடும் நிலையில், விற்ற தகடுகளைத் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுத்தார். நூற்றுக்கணக்கான சோதனைகள் தோற்றன. பின்னர் இங்கிலாந்துக்குச் சென்று, நியூகாசிலில் இருந்த மாசன் அண்ட் சுவான் நிறுவனத்தில் தொழில்நுட்பம் கற்றார். பிழை செய்முறையில் அன்று, வாங்கிய ஜெலட்டினில் இருந்தது என்பது தெளிவாயிற்று. வேறு ஜெலட்டினைப் பயன்படுத்தியதும் தகடுகள் மீண்டும் நன்கு அமைந்தன.

காரணம் விளங்க மேலும் 43 ஆண்டுகள் ஆயின. கோடாக் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாமுவேல் ஷெப்பர்ட் 1925இல் அதனை வெளியிட்டார். கடுகுச் செடியை மேய்ந்த மாடுகளின் ஜெலட்டினில் கந்தகச் சேர்மம் மிகச் சிறிதளவு கலந்திருந்தது. அது படிகங்களின்மேல் வெள்ளி சல்பைடுத் துகள்களை உண்டாக்கி ஒளியுணர்வைக் கூட்டியது. அதன்பின் கந்தகத்தை அளந்து சேர்க்கும் முறை வந்தது. மாட்டின் மேய்ச்சலை நம்பியிருந்த தொழில் அளவுகோலின் கைக்கு மாறியது.

எனினும் மாற்றங்கள் ஓயவில்லை. கோடாக்கின் ட்ரை-எக்ஸ் 1954இல் 35 மி.மீ. சுருளாக வந்தது. 2000களின் தொடக்கத்தில் அதன் பூச்சு வேலை புதிய ஆலைக்கு மாற்றப்பட்டது. டி-76 கரைசலில் 20 பாகையில் 8 நிமிடமாக இருந்த உருத்துலக்கும் நேரம், அதாவது நாம் 'படம் கழுவும்' நேரம், 6¾ நிமிடமாகக் குறைந்தது. பழைய கணக்கிலேயே கழுவினால் எதிர்மறைப் படத்தில் வெண்பகுதிகள் அளவுமீறிக் கறுத்துவிடும்.

ஃபியூஜிஃபில்ம் நிறுவனம் 2018இல் அக்ரோஸ் 100 சுருளை நிறுத்துவதாக அறிவித்தது. மூலப்பொருள் கிடைப்பது அரிதாகிவிட்டது என்றது. மாற்றுப் பொருள்களைக் கண்டறிந்து, 2019இல் அதனையே 'அக்ரோஸ் II' என வெளியிட்டது. மாறியதைப் பெயரிலேயே சொன்னது நேர்மை.

பெட்டியின் மேலுள்ள பெயர் ஒன்றாயினும் உள்ளிருக்கும் பொருளும் ஒன்றே என்று கொள்ளுதல் கூடாது. பசை, நீர், ஆலை, இயந்திரம் ஆகியவற்றுள் எது மாறினும் படம் மாறும். ஆகவே, புதிய சுருள் வாங்குவோர் அதன் குறிப்புத்தாளைப் படித்து, ஒரு சுருளைச் சோதித்துப் பார்த்த பின்னரே திரும்பக் கிடைக்காத காட்சிகளை அதில் பதிவுசெய்தல் நன்று. ஈஸ்ட்மனால் தகட்டை மாற்றிக் கொடுக்க முடிந்தது. பதியாமற்போன முகத்தை அவராலும் மாற்றித் தர இயலவில்லை.